வாய் திறந்திருந்த நேரம்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். மங்கையர்க்கரசிக்கு வாய்க்குப் பஞ்சமில்லை, துவாக்குடியில் அவள் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவு முழுக்க அந்த வாய்க்குப் பயந்துதான் நடக்கிறது. ஆனால் இன்று சாயங்காலம் அந்த வாய்க்குள் ஒரு பச்சை ரப்பர் விரிப்பும், எச்சில் உறிஞ்சும் குழாயும், டாக்டர் ஷாமிலாவின் இரண்டு விரல்களும் குடியேறியிருந்தன. தில்லைநகரில் தடுக்கி விழுந்தால் ஏதாவதொரு டாக்டர் வாசலில்தான் விழவேண்டும், அவள் விழுந்தது மாடிப்படி ஏறிப் போகிற இந்தச் சின்னக் கிளினிக்கில். நாற்காலி பின்னால் சாய்ந்து சாய்ந்து, தலை தாழ்ந்து கால் உயர்ந்துவிட்டது, சேலைக் கொசுவம் சரியாக இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துக்கொண்டாள். கதவுக்குப் பக்கத்துக் கொக்கியில் அவளுடைய கைப்பை தொங்கியது. பைக்குள் போன் ஒருதரம் டொக்கென்று அதிர்ந்தது. அது மெசேஜ். ஓ.டி.பி. வந்துவிட்டது. அடுத்து நீளமாக அதிரும் பார் என்று நினைத்தாள், அப்படியே அதிர்ந்தது. அது ஆதிரை. பெற்ற மகள் கூப்பிடுகிறாள், அம்மாக்காரி வாயைப் பிளந்துகொண்டு கூரையில் பொருத்திய விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதிர்ந்து அதிர்ந்து போன் ஓய்ந்தது. ஓய்ந்ததும் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருந்ததை உடனே கவனித்துவிட்டாள், அதுதான் வம்பு.

விஷயம் சின்னது. ப்ளஸ் டூ முடித்த பெண்ணுக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங். முன்பு போலச் சென்னைக்கு ஓடவேண்டாம், வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் எந்தக் காலேஜ், எந்தப் பாடம் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசை போட்டுக் கொடுத்தால் போதும். மேலே இருப்பது கிடைத்தால் அதையே தந்துவிடுவார்கள், கீழே இருப்பதைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இன்றைக்கு அஞ்சு மணியோடு வரிசை இறுகிவிடும். மாற்றவேண்டுமானால் அம்மாவின் போனுக்கு வருகிற எண்ணைப் போடவேண்டும். இப்போது இறுகக் காத்திருப்பது மங்கை போட்ட வரிசை. ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து தம்பி அறிவழகன் வீடியோவில் வந்து, நீ தள்ளு பாப்பா, அக்கா நான் சொல்றதை அடி, என்று சொல்லச் சொல்ல இவள் அடித்த வரிசை. சென்னையில் அவன் படித்த அந்தப் பெரிய காலேஜ், தமிழ்நாட்டில் பேரைச் சொன்னால் பால்காரருக்குக்கூடத் தெரிகிற காலேஜ், அதில் இருக்கிற அத்தனை பாடத்தையும் மேலே அடுக்கினார்கள். சுரங்கம் முதல் செராமிக் வரை ஒன்றைவிடவில்லை. ஆதிரை வாங்கிய மார்க்குக்கு அந்தக் கடைசிப் பாடங்களில் ஒன்று நிச்சயம் விழும். பாடம் எதுவா இருந்தா என்னக்கா, உள்ள போயிட்டா போதும், பேருக்கு மேல ஒண்ணும் கிடையாது, உள்ள என்ன சொல்லிக் கொடுத்தாங்கன்னு ஒருத்தனும் கேக்க மாட்டான், என்றான் அறிவழகன். அதற்கெல்லாம் கீழே, போனால் போகிறதென்று, ஈரோடு பக்கத்துக் காலேஜ் ஒன்று. ஃபுட் டெக்னாலஜி. ஆதிரை அதைத்தான் கேட்டாள். வேறெதையும் கேட்கவில்லை. மாவு புளிக்கறதைப் படிக்க நாலு வருஷமாடி, என்று மங்கை சிரித்தாள், சிரித்திருக்கவேண்டாம். அந்தப் பெண் சிரிக்கவில்லை. இன்று காலையில் சாப்பிடும்போது, அம்மா, நான் வரிசையை மாத்தப்போறேன், ஓ.டி.பி. வந்தா சொல்லு, என்றாள். மங்கை, பார்க்கலாம், என்றாள். அப்புறம் பல் டாக்டருக்குப் போன் செய்து, இன்னைக்கு வரலாமில்ல, என்று கேட்டு உறுதிசெய்துகொண்டாள். பல் என்ன ஓடியா போகும். நாளைக்கு வந்திருக்கலாம். நாளைக்கு வந்திருக்கலாம் என்பது படியேறும்போதே தெரியும்.

"ராத்திரியில பல்லைக் கடிக்கறீங்களா அக்கா?" என்று டாக்டர் போனதடவை கேட்டாள். "தேய்ஞ்சு போயிருக்கு பாருங்க. இந்தப் பல்லு சொத்தையில போகல, கடிச்சுக் கடிச்சே விரிசல் விட்டிருக்கு." அக்கா என்று கூப்பிடுகிறாள், முப்பது வயசுகூட இருக்காது, மெலிந்த கை. அந்தக் கை மெதுவாக இருக்கும் என்று ஆபீஸ் தோழி சொல்லித்தான் மங்கை வந்தாள். முதல்நாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தபோது, ஊசி வலிக்குமா, என்ற ஒரே கேள்விதான் கேட்டாள். சுவரில் டாக்டரின் சர்டிபிகேட் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது, இங்கே படுத்தபடி பார்த்தால் தலைகீழாகத் தெரிகிறது, பெரிய எழுத்தில் என்னமோ ஒரு காலேஜ். எந்தக் காலேஜ். அட, எந்தக் காலேஜென்று நாம் கேட்கவே இல்லையே. கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரர் பிள்ளையைக்கூட எந்தக் காலேஜ் என்று கேட்கிறவள், என் நரம்பைக் குடைகிறவளைக் கேட்கவில்லை. கழுத்தைத் திருப்பிப் படிக்கப் பார்த்தாள், "ஆடாதீங்க அக்கா," என்றாள் டாக்டர். சரி, பேரில் ஒன்றுமில்லை என்று சட்டென்று முடிவு கட்டிவிடலாமா. கட்டமுடியவில்லை. அவளுக்கு ஒரு பைல் நினைவுக்கு வந்தது. பி.எஸ்ஸி. கணக்கு முடித்த வருஷம், ஜங்ஷன் பக்கத்து ஓட்டலில் சென்னைக் கம்பெனிக்காரர்கள் ஆள் எடுக்க வந்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு நல்ல மனிதர் அவளுடைய மார்க்கைப் பார்த்துப் புருவம் தூக்கினார், காலேஜ் பேரைப் பார்த்தார், அப்புறம் பைலை மூடினார். கோபமாக மூடவில்லை, தூங்குகிற குழந்தை இருக்கிற அறைக்கதவைச் சாத்துவது போல மெதுவாக மூடினார். அந்த மெதுவைத்தான் இன்றுவரை அவளால் மன்னிக்க முடியவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். அதற்கப்புறம் துவாக்குடியில் கிளார்க்காகச் சேர்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, இன்றைக்கு அந்தப் பிரிவுக்கே தலைவி. ஆனாலும் புதிதாக வருகிற மேனேஜர்கள், மேடம் நீங்க எந்தக் காலேஜ், என்று கேட்டால் அவள் பேச்சை டீக்குத் திருப்பிவிடுவாள். ஆதிரைக்கு அப்படி ஒரு பைல் மூடப்படக் கூடாது. அவ்வளவுதான் நான் கேட்பது. அது தப்பா. "கேப் போடும்போது மெட்டல் வேணாம் அக்கா, செராமிக்ல போட்டுக்கலாம், பல்லு கலர்லயே இருக்கும்," என்றாள் டாக்டர் ஷாமிலா. மங்கைக்குச் சிரிப்பு வந்தது, குழாய் களக்கென்று இடறியது. அடிப்பாவி மகளே, நாலு வருஷம் நீ படிக்கப்போவது என் வாயில் மாட்டுகிற சாமான்.

போன் மறுபடி டொக்கென்றது. புது எண். பழையதற்கு ஆயுசு முடிந்திருக்கும், பாவம், மறுபடி கேட்டு வாங்கியிருக்கிறாள். அப்புறம் நீளமாக. மங்கை கண்ணை மூடிக்கொண்டாள். மூடினால் சமையல்கட்டு வந்தது. நாலு டம்ளரில் இட்லி மாவு, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு டேப் ஒட்டி என்னமோ எழுதி, ஒன்று ஜன்னலோரம், ஒன்று இன்வெர்ட்டர் மேல், ஒன்று அரிசி டின்னுக்குள், ஒன்று ஃபிரிட்ஜுக்குப் பின்னால். தொடாதே என்று சொல்லியும் ஒருநாள் பால் காய்ச்சுகிற அவசரத்தில் ஒன்றை எடுத்துக் கழுவிப்போட்டாள். ஆதிரை அன்றைக்கு முழுக்கப் பேசவில்லை. ஒரு டம்ளர் மாவுக்கு இவ்வளவு ராங்கியா என்று கத்தியபோது, அது மாவு இல்லம்மா, என்று மட்டும் சொன்னாள். எந்தக் குழந்தை பிஸ்கட் பாக்கெட்டை வாங்கியதும் பின்பக்கத்தைப் படிக்கும். எல்.கே.ஜி.யில் பக்கத்துப் பையன் டிபனை மோந்து பார்த்து, ஆண்ட்டி இது நேத்து சாம்பார், என்று அவன் அம்மாவிடமே சொல்லி மானத்தை வாங்கியவள். ஈரோட்டுக் காலேஜைப் பார்க்கப் போனபோது மங்கை கண்ணில் பட்டது பூசாத பின்சுவரும், பஸ்களின் பேர் எழுதிய போர்டும். இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று நினைத்தாள். ஆதிரை அங்கே இருந்த ஆய்வகத்தில், சிறுதானியத்தில் முறுக்கு பிழிந்து எத்தனை நாள் நமுத்துப்போகாமல் இருக்கிறதென்று பார்த்துக்கொண்டிருந்த பெண்களோடு போய் நின்றுகொண்டு வரமாட்டேன் என்றுவிட்டாள். வாசலில் நின்று பார்த்தால் அவள் முதுகு மட்டும் தெரிந்தது. அந்த முதுகு சந்தோஷமாக இருந்தது. முதுகில் சந்தோஷம் தெரியுமா, பெற்றவளுக்குத் தெரியும். அன்றைக்குத் திரும்பி வரும்போது கரூர் பைபாஸில் டீ குடிக்க நிறுத்தினார்கள், அவள் கணவர் குணசேகரன், இது உங்க ரெண்டு பேர் விவகாரம், என்னை இழுக்காதீங்க, என்று ரயில்வேக்காரருக்கே உரிய நிதானத்தோடு வடையைப் பிய்த்தார்.

சுருக்கென்று ஒரு வலி காதுவரை ஓடியது. வலித்தால் இடது கையைத் தூக்கச் சொல்லியிருந்தார்கள், தூக்கினாள். டாக்டர் உடனே கையை எடுத்தாள். "சாரி அக்கா, இன்னொரு ஊசி போட்டுடறேன்." கொஞ்சநேரம் எல்லாம் நின்றது, அந்த மிஷின் சத்தம்கூட. அந்த அமைதியில் போன் அதிர்ந்தது நன்றாகக் கேட்டது. பக்கத்தில் நின்ற உதவிப் பெண் மெர்லின், "அக்கா, அப்பவே புடிச்சு அடிச்சுக்கிட்டே இருக்கு, எடுத்துத் தரவா?" என்றாள். எவ்வளவு லேசான விஷயம். தலையை ஆட்டினால் போதும். மங்கை தலையை ஆட்டத்தான் செய்தாள், ஆனால் வேண்டாம் என்று ஆட்டினாள். ஆட்டிய பிறகுதான் ஆட்டியது தெரிந்தது. மெர்லின் சரியென்று பஞ்சு எடுக்கத் திரும்பினாள். என்ன செய்தேன் இப்போது. நான் ஒன்றும் செய்யவில்லை, பல் டாக்டரிடம் இருக்கிறேன், வாயில் விரிப்பு போட்டிருக்கிறார்கள், யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள். அஞ்சு மணி தாண்டியதும் வீட்டுக்குப் போய், ஐயோ பாப்பா, எனக்குத் தெரியவே இல்லையே, என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சொல்லலாம், வீங்கிய கன்னத்தை யாரும் சந்தேகப்படமாட்டார்கள். பின்னால் அவளே புரிந்துகொள்வாள். அறிவழகனுக்குப் போன வருஷம் வேலை போனபோது என்ன ஆயிற்று. காலேஜ்காரர்கள் வாட்ஸப் குழுவில் ஒரு வரி போட்டான், அந்த மாதமே வேறு வேலை. கூடப் படித்தவன் கூப்பிட்டுக் கொடுத்தான். அது பொய்யா. பேர் சோறு போடுகிறது, கண்ணால் பார்த்தாயிற்று. அதே அறிவழகன்தான் அம்மா காரியத்துக்கு வந்திருந்தபோது, கேட்காமலே சொன்னான், மொத ரெண்டு வருஷம் நான் கக்கூஸ்ல உக்காந்து அழுவேன்க்கா, இங்கிலீஷ் வராது, புரியாது, எதுக்குப் படிக்கறோம்னே தெரியாது, எங்கிட்ட யாரும் என்ன புடிக்கும்னு கேக்கல. அதையும் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை வரிசை சொல்லும்போது அதை ஏன் சொல்லவில்லை. மறந்திருப்பான். ஆம்பளைகளுக்கு அழுத கதை இரண்டு தடவை வராது.

ஊசி இறங்கி உதடு ஒருபக்கம் கனத்தது. நாக்கு எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. அவளுக்கும் ஒரு சீட்டு கிடைக்கிற மாதிரித்தான் இருந்தது, தம்பிக்கு இரண்டு வருஷம் முன்னால், தம்பியைவிடக் கூடுதல் மார்க்குக்கு, அதே காலேஜில். அப்போதெல்லாம் கூப்பிட்ட தேதியில் சென்னைக்கு நேரில் போய் நிற்கவேண்டும். பொம்பளைப் பிள்ளை தனியாகப் போகமுடியாது, அப்பா கூட வரவேண்டும். அப்பா மாட்டேன் என்று சொல்லவே இல்லை. இத்தனை வருஷமாக, அப்பா விடவில்லை, அப்பா தடுத்தார், என்று அவள் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள், இப்போது யோசித்தால் அவர் ஒருநாளும் தடுக்கவில்லை. கார்டு வந்த அன்று கையில் வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். பார்க்கலாம், என்றார். மறுநாள் கேட்டபோதும் பார்க்கலாம். அப்புறம் அந்தத் தேதியில் விடிகாலையில் எழுந்து மாயவரத்தில் யாரோ ஒன்றுவிட்ட மருமகளுக்கு வளைகாப்பு என்று வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு புறப்பட்டுப் போனார். வளைகாப்புக்கு ஆம்பளைகளை யார் எதிர்பார்த்தது. மங்கை குளித்து, தலைபின்னி, சர்டிபிகேட்டுகளை மஞ்சள்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அம்மா, சாப்பிடுடி, என்றாள், சாப்பிடவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு அப்பா வந்தார். கூடையில் எலுமிச்சை சாதம், புளிசாதம், தேங்காய்ச் சாதம். வெற்றிலையில் சுற்றிய ஒரு டஜன் பச்சைக் கண்ணாடி வளையல். உனக்குன்னு கேட்டு வாங்கிட்டு வந்தேன், போட்டுப் பாரு, அளவு சரியா இருக்கா, என்று அவர் சொன்னார், குரல் குழைந்தது, கண்ணைப் பார்க்கவில்லை. அவருக்கு அவள்மேல் பிரியம் இல்லை என்று யார் சொல்லமுடியும். பிரியம்தான். பயந்துபோன பிரியம். சென்னை, ஹாஸ்டல், எவன் என்ன செய்வானோ, பெண்ணுக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன். அவள் வளையலைப் போட்டுக்கொண்டாள், அளவு சரியாகவே இருந்தது. ஒரு கெட்ட வார்த்தையைக்கூட அவர் சொல்லவில்லையே, எதைப் பிடித்து அழுவது. அந்தக் காலேஜில் படித்திருந்தால் என்ன ஆகியிருப்பாள் என்பது யாருக்குத் தெரியும், பெரியதாக ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம், தம்பியைப் போல அழுதிருக்கலாம். காலேஜ் போனதுகூடப் பெரிதில்லை. அந்த ஜன்னலோரம்தான். நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரிந்தும் ஒருவர் வராமல் இருந்தது. பார்க்கலாம் என்று இன்று காலையில் நானும் சொன்னேன். அதே வார்த்தை, அதே குழைவு. வீட்டில் ஆதிரை கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள், சாப்பிட்டிருக்கமாட்டாள். எனக்கு வளைகாப்பு கிடைக்கவில்லை, பல்வலி கிடைத்தது. அப்பா, உங்களை நான் முப்பது வருஷமாகத் திட்டியிருக்கிறேன், நாம் இரண்டு பேரும் ஒரே ஜாடை என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. கண்ணோரம் நனைந்து காதுக்குள் இறங்கியது. "வலிக்குதா அக்கா?" என்றாள் டாக்டர் ஷாமிலா.

மங்கை எழுந்து உட்கார்ந்தாள். நாற்காலி சாய்ந்தபடியே இருந்தது, அவள் மட்டும் எழுந்துவிட்டாள், குழாய் வாயிலிருந்து நழுவி மார்புத் துண்டில் விழுந்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. "இருங்க, இருங்க, மருந்து வச்சு அடைச்சிடறேன், கொஞ்ச நேரம்தான்," என்று டாக்டர் பதறினாள். மங்கை பையைக் காட்டினாள், மறுபடி காட்டினாள், தொண்டையிலிருந்து என்னமோ ஒரு சத்தம் வந்தது, அதற்குப் போன் என்று பொருள். டாக்டர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ரப்பர் விரிப்பைக் கழற்றி, குடைந்த பல்லில் பஞ்சை வைத்து அழுத்தினாள். "மெதுவா கடிச்சுக்கிட்டுப் பேசுங்க." மெர்லின் போனைக் கையில் கொடுத்தாள். ஆதிரையின் அழைப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசை போட்டு நின்றன. அஞ்சு மணிக்குக் கொஞ்சம்தான் பாக்கி. அவள் தொடுவதற்குள் இன்னொரு புது எண் வந்து விழுந்தது, உடனே போன் மறுபடி அடித்தது.

"அம்மா, முடிஞ்சுதா? ரொம்ப வலிக்குதா?" என்றாள் ஆதிரை.

"நம்பர் சொல்றேன். போட்டுக்க," என்றாள் மங்கை. உதடு ஒத்துழைக்கவில்லை, வார்த்தை வழுக்கி வழுக்கி வந்தது. "ஈரோட்டை மேல வை. மொதல்ல வை. மாமாகிட்ட நான் பேசிக்கறேன்."

 "நீ மெதுவாவே பேசும்மா. அந்த நம்பர் என் மெயிலுக்கும் வரும். மொத தடவையே எனக்கு வந்துடுச்சு," என்றாள் ஆதிரை.

மங்கை சாய்ந்த நாற்காலியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ நீயே மாத்தியிருக்கலாமேடி."

"மாத்தியிருக்கலாம்."

"ஏன் மாத்தல?"

"உனக்குத் தெரியாம மாத்தினா, அப்புறம் நாலு வருஷமும் நான் தனியா படிக்கற மாதிரி இருக்கும்மா. நீ சொல்லி மாத்தணும்னு இருந்துச்சு. அதான் அடிச்சுக்கிட்டே இருந்தேன்."

"நான் எடுக்காமலே இருந்திருந்தா?"

"செராமிக் படிச்சிருப்பேன்," என்றாள் ஆதிரை. கோபமே இல்லாமல் சொன்னாள். இந்தப் பெண் உண்மையிலேயே படித்திருப்பாள், நாலு வருஷமும் படித்து, நல்ல மார்க்கும் வாங்கி, அம்மாவுக்கு இனிப்பும் கொண்டுவந்து கொடுத்திருப்பாள். மங்கை வாயில் வைத்த பஞ்சை எடுத்துத் துண்டில் வைத்தாள். டாக்டர் மார்புத் துண்டில் கிடந்த குழாயை எடுத்து நிறுத்தினாள். மங்கை மெசேஜைத் திறந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மரத்துப்போன நாக்கால் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். தனக்குத் தெரிந்த அந்த எண்களைத் தெரியாதவள் போல, ஆதிரை ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக்கொண்டே போட்டாள்.